மூன்றாவது தூக்குச்சட்டி

மாலை ஆறு மணி நாற்பது நிமிடம். நோன்பு திறக்க இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்க்கத்தான் அடுப்படிக் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தேன். அதே நேரத்தில் வாசல் கேட் கிரீச்சென்று திறந்து மூடியது. மூன்றாவது தூக்குச்சட்டியோடு என் மகள் போகிறாள் என்று எனக்குத் தெரியும். கால் மணி நேரத்தில் திரும்பிவிடுவாள், வந்ததும் பழச்சாறு கலக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு சமோசாவைத் திருப்பிப் போட்டேன்.

அவளுக்குப் பதினேழு வயது. இடைநிலைப்பள்ளியில் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் படிக்கிறாள். அன்றைக்கு அவள் எங்கே போகிறாள் என்பது எனக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் எங்கள் வீட்டு ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைச் செய்தவள் நான்தான்.

கிள்ளானிலிருந்து காப்பார் போகும் சாலையை ஒட்டிய தாமான் குடியிருப்பில் எங்கள் வீடு இருக்கிறது. நோன்பு மாதம் முழுவதும் நான் வீட்டில் கஞ்சி காய்ச்சுவேன். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், கொத்துக்கறி, கடைசியில் தேங்காய்ப்பால், ஒரு முடிச்சு ரம்பை இலை. காய்ச்சியதும் மூன்று தூக்குச்சட்டிகளில் ஊற்றி மூடுவேன். முதலாவது பக்கத்து வீட்டு இந்துக் குடும்பத்துக்கு. சுவருக்கு மேலேயே கைமாறிவிடும். இரண்டாவது எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாவுக்கு. அந்தச் சட்டி ஒருநாளும் வெறுமனே திரும்பி வராது, ஏதாவது குவே பலகாரம் இருக்கும். இவை இரண்டையும் தர்மம் என்று சொல்ல முடியாது. கொடுக்கல் வாங்கல்தான். மூன்றாவதுதான் சதக்கா. அது தேவைப்படும் ஒரு வீட்டுக்குப் போகும். எந்த வீடு என்பது கொண்டுபோகிறவருக்கு மட்டும்தான் தெரியும். வீட்டில் மற்ற யாரிடமும் சொல்லக்கூடாது, கேட்கவும் கூடாது.

முன்பு நானே கொண்டுபோனேன். என் கணவருக்குக்கூடச் சொன்னதில்லை. மகளுக்குப் பதினைந்து வயதானபோது அந்த வேலையை அவளிடம் கொடுத்தேன். வீட்டையும் அவளே தேர்ந்தெடுக்கட்டும் என்றேன்.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் இடைநிலைப்பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறவள். ஒவ்வொரு வருடமும் பெருநாளுக்கு முன் பள்ளியில் உதவி வழங்கும் நிகழ்ச்சி நடக்கும். ஏழைப் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி மேடைக்கு அழைப்பார்கள். அட்டையில் செய்த பெரிய காசோலை ஒன்றைக் கையில் கொடுத்துப் படம் எடுப்பார்கள். ஒரு வருடம் என் வகுப்புப் பெண் ஒருத்தி அந்த அட்டையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். இறக்கும்மா, இறக்கும்மா என்று படம் எடுத்தவர் கெஞ்சினார். அவள் இறக்கவே இல்லை. சுவரில் ஒட்டிய படத்தில் சிரித்த முகத்தோடு பிரமுகர்கள் நிற்கிறார்கள், நடுவில் ஒரு காசோலைக்குக் கீழே இரண்டு பள்ளிச் சப்பாத்துகள்.

ஜகாத்தை என் சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடித்துக்கொள்கிறார்கள். அது கடமை. கொடுத்தேன் என்று நான் நிமிர்ந்து நடக்க அதில் ஒன்றுமில்லை. சதக்கா நம் விருப்பம். விருப்பம் என்று வந்துவிட்டால் பெருமையும் பின்னாலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். வாங்குகிறவரின் முகத்தை மறைப்பது ஒரு மரியாதை என்றால், கொடுக்கிறவரின் வாயைக் கட்டுவது அதைவிடப் பெரிய மரியாதை. நான் அப்படித்தான் நம்புகிறேன். அன்றைக்கு நடந்ததற்குப் பிறகும் அந்த நம்பிக்கையில் எனக்கு மாற்றமில்லை. இன்றும் எங்கள் வீட்டில் மூன்றாவது சட்டி அப்படித்தான் போகிறது. கைப்பேசி இல்லாமல் அவளை வாசல் தாண்ட விடுவதில்லை என்பது மட்டும்தான் புதிது.

ஏழு மணி தாண்டியது. அவள் வரவில்லை. எண்ணெய்ச் சட்டியை இறக்கிவிட்டு அவளை அழைத்தேன். மணி சாப்பாட்டு மேசையில் அடித்தது. கணக்குப் புத்தகத்துக்கு அடியில் அவளுடைய கைப்பேசி வெளிச்சம் காட்டிக்கொண்டு நடுங்கியது. 'அம்மா' என்று என் பெயர்தான் திரையில் மின்னியது. என் எண் அவளுக்கு மனப்பாடமாகத் தெரியாது. அவளுடைய எண் எனக்கும் தெரியாது. இந்தக் காலத்தில் யாருக்குத்தான் தெரிகிறது.

வாசலுக்குப் போய் நின்றேன். தாமான் முழுவதும் வாசனையாக இருந்தது. நோன்பு மாதப் பாசார் கடைகளிலிருந்து பைகளோடு வந்த மோட்டார்கள் ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் நின்றன. அதற்கப்பால் காப்பார் சாலையில் லோரிகள் இரைந்துகொண்டிருந்தன. அந்தச் சாலையை அவள் கடக்க வேண்டியிருக்குமா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. வலப்பக்கம் திரும்பினாளா இடப்பக்கம் திரும்பினாளா என்றும் தெரியவில்லை.

தாமானின் தொழுகையிடமான சூராவிலிருந்து நோன்பு திறக்கும் பாங்கு கேட்டது. கையில் பேரீச்சம்பழம் இருந்தது. அதை வாயில் வைக்கத் தோன்றவில்லை.

கணவரை அழைத்தேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வேலை. அப்போதுதான் ரயிலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்து நோன்பு திறந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். சிநேகிதி வீட்டில் நோன்பு திறக்கச் சொல்லி உட்கார வைத்திருப்பார்கள், பதறாதே என்றார். அவளுடைய கைப்பேசியிலிருந்தே சிநேகிதிகளை அழைத்துப் பார்க்கலாம் என்றால் அதன் பூட்டு எண்ணும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த இரண்டு தாய்மாரை அழைத்து, பள்ளிக்கூட விஷயம் கேட்பதுபோல வளைத்து வளைத்துக் கேட்டேன். அவள் அங்கே இல்லை.

தேடிக்கொண்டு கிளம்பினேன். இரண்டு அடி வைத்ததும்தான் என் நிலைமை எனக்கே புரிந்தது. அவள் போன வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் எந்த வீட்டில் இல்லாமை இருக்கிறது என்று நான் யூகிக்க வேண்டும். இவ்வளவு வருடம் செய்யக்கூடாது என்று மகளுக்குச் சொல்லிவந்த காரியம் அது. தெருவில் நடந்துகொண்டே ஒவ்வொரு வீட்டையும் எடை போட்டேன். இந்த வீட்டுக் கேட்டில் துரு, அந்த வீட்டுத் திரைச்சீலை கிழிசல், அடுத்த வீட்டில் கார் இல்லை. என் கண்ணே எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் பார்வையை நிறுத்தவில்லை. மகளைத் தேடுகிறவளுக்கு அது ஒரு பொருட்டில்லை.

சரி, கதவைத் தட்டி என்ன கேட்பது? உங்கள் வீட்டுக்குத் தர்மக் கஞ்சி வருகிறதா என்று கேட்க முடியாது. என் மகளைக் காணவில்லை என்றும் சொல்ல மனம் வரவில்லை. நோன்பு திறக்கும் நேரத்தில் பதினேழு வயதுப் பெண் வீட்டில் இல்லை என்று ஒரு வாசலில் சொன்னால், அடுத்த வாசலுக்கு நான் போய்ச் சேருவதற்குள் அங்கே வேறொரு கதை போய்ச் சேர்ந்திருக்கும். பள்ளியில் அப்படிப் பரவிய கதைகளை நான் கேட்டிருக்கிறேன். அந்தப் பெண்கள் அதைப் பல வருடம் சுமக்கிறார்கள். அதனால் ஒரு கேள்வியைத் தயார் செய்துகொண்டேன். எங்கள் தூக்குச்சட்டி ஒன்று காணோம், இந்தப் பக்கம் வந்ததா? சட்டி இருக்கும் வீட்டில் மகளைப் பற்றித் தெரிந்திருக்கும். இரண்டு மானத்தையும் காப்பாற்றும் கேள்வி என்று அப்போது எனக்குத் தோன்றியது.

முதலில் எங்கள் வரிசையின் கடைசி வீடு. காலையில் நாசி லெமாக் சோறு விற்கும் அக்காவின் வீடு. புருஷன் இல்லை, மூன்று பிள்ளைகள். நோன்பு மாதத்தில் காலை வியாபாரமும் படுத்துவிடும். இங்கேதான் என்று என் மனம் உறுதியாகச் சொன்னது. அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். நான் கேட்டதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன் டீச்சர், என்னைப் பார்த்தா சட்டிக்குக் காத்திருக்கிறவ மாதிரியா இருக்கு? போன தீபாவளிக்கு ஒரு டின்னு முறுக்கு உங்க வீட்டுக்கு வந்துச்சே, அதுவும் சட்டியோட சேர்த்துத் தொலைஞ்சிருச்சா?"

இல்லை அக்கா, அப்படி இல்லை என்று தடுமாறினேன். அவர் என் முகத்தைக் கவனித்திருக்க வேண்டும். குரலை இறக்கிக்கொண்டார்.

"ஒரு சட்டிதானே லா. நோன்பு திறக்குற நேரத்துல அதைப் போய்த் தேடிக்கிட்டு. உள்ளே வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

நான் குடிக்காமல் நடந்தேன். பின்வரிசையில் ஒரு வீட்டில் கதவைப் பாதி திறந்து இல்லை என்று தலையாட்டினார்கள். அடுத்த வீட்டில் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அடுக்குமாடி வரை போய்வந்தேன். சாலையைக் கடக்கும்போது தார் மீது ஏதாவது கிடக்கிறதா, சட்டியின் மூடி கிடக்கிறதா என்று கைப்பேசி வெளிச்சத்தில் தேடினேன். ஒன்றும் இல்லை. அந்தச் சில நிமிடங்களை எழுதும்போது இப்போதும் விரல் நிற்கிறது. அதைத் தாண்டிப் போகிறேன்.

திரும்பி வரும்போது மூலை வீட்டு அங்கிள் கேட்டின் மீது கைவைத்துத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது தாமானிலேயே பெரிய வீடு. அங்கிளுக்கு லோரிகள் இருந்தன. போர்ட் கிள்ளானுக்குச் சரக்கு ஏற்றும் தொழில். சூராவில் நோன்புக் கஞ்சிக்கு அரிசி மூட்டைகளை இறக்கியவர். யார் வீட்டில் மவுத்து என்றாலும் முதல் ஆளாக வந்து நின்று, அடக்கச் செலவை விசாரிக்காமல் பார்த்துக்கொண்டவர். பெயர் போடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் எதையும் கொடுப்பார். மூன்றாவது சட்டி அந்த வீட்டுக்குப் போகும் என்று என் கணக்கில் எந்த இடத்திலும் இல்லை. வழியில் நின்றார், நான் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டு வந்தேன், அதனால் அவரிடமும் கேட்டேன்.

"அங்கிள், எங்க வீட்டுத் தூக்குச்சட்டி ஒண்ணு தவறி இந்தப் பக்கம் வந்துச்சா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"இங்க எதுக்கும்மா சட்டி வரப்போகுது?"

சின்னப் பேத்தி அவர் காலைக் கட்டிக்கொண்டு நின்றது. அவருடைய மகள் ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள், பிள்ளையை இவரும் ஆன்டியும்தான் வளர்க்கிறார்கள். நான் திரும்பி நடக்கப் போனேன். நீங்கள் இன்னும் நோன்பு திறக்கவில்லை போலிருக்கிறதே என்று அவர் என்னை நிறுத்தினார். என் கையில் கசங்கிப்போயிருந்த பேரீச்சம்பழத்தைப் பார்த்திருக்கிறார். உள்ளே போய் ஒரு கிளாஸ் தண்ணீரும் வேறு பழமும் கொண்டுவந்து நீட்டினார். நோன்பாளிக்கு நோன்பு திறக்கக் கொடுப்பது எவ்வளவு பெரிய நன்மை என்று எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். மறுக்க முடியவில்லை. அவர் கேட்டருகிலேயே நின்று குடித்தேன். வீட்டுக்குள் விளக்கு ஒன்றுதான் எரிந்தது. லோரிகள் நிற்கும் பக்கவாட்டு இடம் காலியாக இருந்தது. நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் எண்ணவில்லை. ஆன்டி எங்கே என்றுகூடக் கேட்கவில்லை.

கணவர் மறுபடி அழைத்தார். ரயில் சுபாங் ஜெயா தாண்டிவிட்டது. போலீஸுக்குப் போகலாமா என்றேன். நான் வந்துவிடுகிறேன், சேர்ந்து போகலாம் என்றார். அதற்கு முன்னால் சூராவில் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொல்லப் போகிறேன் என்றேன்.

"கொஞ்சம் பொறும்மா. மைக்ல சொல்லிட்டா அப்புறம் அதைத் திரும்ப எடுக்க முடியாது. நாளைக்கு அவளும் இந்தத் தெருவுலதானே நடக்கணும்."

அவர் சொன்னது தவறில்லை. நானும் ஒரு மணி நேரமாக அதையேதான் நினைத்துக்கொண்டு நடந்திருந்தேன். ஆனால் சாலையோரத்தில் வெளிச்சம் அடித்துத் தேடிவிட்டு வந்தவளுக்கு அந்த நினைப்பு அதற்குமேல் தாங்கவில்லை. நாளைக்கு நடக்க அவள் இருக்க வேண்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த முடிவுகளில் இதைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

சூராவில் இஷா தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. அதன்பின் தராவீஹ் தொழ வந்தவர்கள் வராந்தாவில் பாய் விரித்து உட்கார்ந்து மிச்சக் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பக்கத்துப் படியில் நின்று, பாங்கு சொல்லும் பிலாலை அழைத்தேன். சொன்னேன். பிலால் என்னைவிட வயதில் சிறியவர். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"பேர் சொல்லணுமாக்கா? பேர் இல்லாம, ஒரு பிள்ளைன்னு மட்டும் சொல்லட்டுமா?"

பேர், வயது, போட்டிருந்த உடுப்பு, வீட்டு எண், என் கைப்பேசி எண், எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்றேன். கையில் தூக்குச்சட்டி இருந்தது என்பதையும் சொல்லச் சொன்னேன். அவர் முதலில் மலாயிலும் பிறகு தமிழிலும் சொன்னார். என் மகளின் பெயர் கூரைகளுக்கு மேலாகப் போனது. அவள் பிறந்ததும் காதில் பாங்கு சொல்லி வைத்த பெயர். அது ஒலிபெருக்கியில் ஒலிப்பதைக் கேட்டேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வராந்தாவில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. இரண்டு பேர் எழுந்து மோட்டார் சாவியை எடுத்தார்கள், ஒருவர் காப்பார் பக்கம், ஒருவர் பாலத்துப் பக்கம் என்று பேசிக்கொண்டார்கள். யாரும் என்னிடம் வேறெதுவும் கேட்கவில்லை. நான் பயந்த கேள்வி ஒன்றுகூட வரவில்லை. நாசி லெமாக் அக்கா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். சூராவ் படியில் அவர் அதற்கு முன்னால் ஏறியதில்லை. ஏறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டி சட்டி என்றீர்களே டீச்சர் என்று அழுதார்.

அப்போதுதான் மூலை வீட்டு அங்கிள் வந்தார். பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தொப்பி இல்லாமல், வீட்டில் கட்டியிருந்த கைலியோடு, ஏறக்குறைய ஓடி வந்தார். மோட்டாரைக் கிளப்பியவரைக் கையைக் காட்டி நிறுத்தினார். மூச்சு வாங்கியது. வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அவருடைய அரிசியில் காய்ச்சிய கஞ்சியைப் பல வருடம் குடித்தவர்கள். என்னை ஒதுக்குப்புறமாக அழைத்துப் போய்ச் சொல்லியிருக்கலாம். அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

"பிள்ளை பத்திரமா இருக்கு டீச்சர். பெரியாஸ்பத்திரியில என் சம்சாரத்துக்குத் துணையா இருக்கு. அவளுக்குச் சீனி இறங்கி மயங்கி விழுந்துட்டா. இந்தக் குட்டியை விட்டுட்டு நான் போக முடியல. உங்க பிள்ளைதான் கார் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போச்சு. அம்மாகிட்ட போன்ல சொல்லிக்கிறேன், உங்க வீடுன்னு சொல்ல மாட்டேன் அங்கிள்னுச்சு. சொல்லிருச்சுன்னுதான் நெனச்சேன்."

பேத்தியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

"அந்த மூணாவது சட்டி போன வருஷத்துலேர்ந்து எங்க வீட்டுக்குத்தான் வருது. நீங்க சட்டியைக் கேட்டீங்க, இல்லைன்னுட்டேன். பிள்ளையைக் கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்மா."